திருகோணமலையில் ஸ்கூபா பழக யாரிடம் போவது?

வவுனியாவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். 26 வயது, ஓரளவு நீந்தத் தெரியும், கண்ணாடி போடுகிறவர், சின்ன வயதில் முட்டு வருத்தம் இருந்ததாம். ஆவணியில் தம்பியோடு நிலாவெளிக்கு வந்து தொடக்கநிலை ஸ்கூபா பயிற்சி (சிலிண்டர் காற்றோடு கடலுக்கடியில் நீந்தப் பழகுவது) எடுக்க நினைக்கிறார். இரண்டு இடங்களில் விசாரித்திருக்கிறார். ஒரு இடம் மூன்று நாளில் முடித்து, பழகியதற்குச் சான்றான அட்டை தருவதாகச் சொன்னது. மற்றதில் நான்கு நாள், காசும் கூட. முதல் இடத்தில் முட்டு வருத்தத்தைச் சொன்னபோது, "அதெல்லாம் பிரச்சினை இல்லை, படிவத்தில இல்லை எண்டு போடுங்கோ, சரி" என்று பதில் வந்ததாம். இரண்டில் எது நல்லது, அட்டை கொடுக்கிற அமைப்புகளில் பாடியா எஸ்எஸ்ஐயா என்பது கேள்வி.

கேள்வி இரண்டு கடைகளைப் பற்றியதாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு. ஒரு குழாயை மட்டும் நம்பிக் கீழே போகப் போகிறீர்கள். அந்த நேரம் பக்கத்தில் இருக்கப் போகிற ஆளைக் கரையில் வைத்தே எப்படி எடைபோடுவது என்றுதான் கேட்கிறீர்கள். நான் உப்புவெளிக்காரன். சண்டை முடிந்த அடுத்த சீசனில் படகில் சிலிண்டர் தூக்குகிற பையனாகத் தொடங்கி, பிறகு டைவ்மாஸ்டராகி, பிறகு பயிற்றுநர் ஆனேன். வைகாசி முதல் புரட்டாதி வரை இங்கே, மாரி தொடங்கினால் ஹிக்கடுவைப் பக்கம். இந்தக் கரையில் வகுப்பு எப்படி நடக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். நெஞ்சு, காது பற்றிப் பேசும் இடங்களில் மட்டும் நான் வைத்தியர் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடி விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். (எங்கள் அம்மா இன்னும் பாடி என்றால் பாட்டு வகுப்பு என்றுதான் நினைக்கிறார்.) பாடி 1966இல் தொடங்கிய அமைப்பு, எஸ்எஸ்ஐ 1970இல். இரண்டின் தொடக்கநிலை அட்டைக்கும் பெயர் ஓப்பன் வாட்டர் டைவர். இரண்டும் ஐஎஸ்ஓ 24801-2 என்ற ஒரே சர்வதேசத் தரத்துக்குள் வருகின்றன. இரண்டிலும் ஆழத்தின் எல்லை 18 மீற்றர். ஒன்றின் அட்டையை மற்றதன் கடைகள் ஏற்றுக்கொள்ளும். பாடத்தின் வரிசையிலும் செயலியின் தோற்றத்திலும் வித்தியாசம் உண்டு, அதற்காக நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

மூன்று நாளா நான்கு நாளா என்பதும் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய அளவுகோல் இல்லை. பாடி விதிப்படி கடலில் நான்கு டைவ் செய்ய வேண்டும், அவை குறைந்தது இரண்டு நாட்களில் பிரிந்திருக்க வேண்டும். பாடத்தை வீட்டிலேயே படித்து முடித்துவிட்டு வந்தால் மூன்று நாள் நேர்மையான கணக்குத்தான். அதனால் எத்தனை நாள் என்று கேட்காமல், கடலுக்குப் போவதற்கு முன் ஆழமில்லாத தண்ணீரில் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். அவசரக்காரர்கள் நேரத்தை வெட்டுவது அங்கேதான். "காலையில பூல், பின்னேரம் கடல், நீங்கள் கெட்டிக்காரி, கெதியாப் பிடிச்சிடுவீங்கள்" என்று உங்களை ஒருமுறையும் பார்க்காத ஆள் போனில் சொன்னால், எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று யோசியுங்கள்.

இப்போது அந்த "இல்லை எண்டு போடுங்கோ" என்ற பதில். உங்கள் கேள்வியிலேயே விடை அங்கே இருக்கிறது. பெரும்பாலான கடைகள் பயன்படுத்துகிற மருத்துவக் கேள்விப் படிவத்தின் முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள் உண்டு. நுரையீரல், மூச்சு, இருதயம் பற்றியது முதல் கேள்வியிலேயே வரும். சின்ன வயது முட்டுக்கு அங்கே ஆம் என்றுதான் போட வேண்டும். ஆனால் ஆம் என்று போட்டவுடன் கதை முடிந்துவிடுவதில்லை. இரண்டாம் பக்கத்தில் இன்னும் விரிவாகக் கேட்பார்கள், அங்கே மூச்சிழுப்புக்குக் கடந்த 12 மாதத்தைத்தான் குறிப்பாகக் கேட்கிறது. பத்துப் பதினைந்து வருடமாக இழுப்பே வராத ஒருவர் உண்மையைச் சொல்லியே அந்தப் பக்கத்தைத் தாண்டக்கூடும். இரண்டாம் பக்கத்திலும் ஆம் என்று வந்தால் வைத்தியர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆக, உங்களைப் பொய் சொல்லச் சொன்ன ஆளுக்குப் பொய் தேவையா இல்லையா என்பதே தெரியவில்லை. படிவத்தை அவர் ஒழுங்காக வாசித்ததில்லை, அல்லது வாசித்தும் பொருட்படுத்தவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் என் தங்கையை அங்கே விடமாட்டேன்.

அந்தக் கேள்வி ஏன் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கி வைத்துக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் அவ்வளவுக்கு இடம் கொடுக்காது. ஒன்றரை மீற்றர் ஆழத்திலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பினாலே காயம் வரலாம், அதாவது ஹோட்டல் நீச்சல் தடாகத்திலேயே. மூச்சுக்குழாய் சுருங்குகிற வருத்தம் உள்ளவர் மூச்சை அடக்காவிட்டாலும் உள்ளே ஒரு மூலையில் காற்று மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் பயம். இது வரைக்கும் உறுதி. உங்கள் நெஞ்சில் இப்போது அப்படி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதை ஊதிப் பார்க்கிற பரிசோதனை செய்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும். படிவத்தில் தாண்டிவிட்டாலும் அதைச் செய்துகொண்டு வாருங்கள் என்பது என் அபிப்பிராயம்.

சரி, ஆளைப் பார்ப்பது எப்படி. முதலில், வகுப்பை நடத்தப் போகிறவர் யார் என்று பெயரைக் கேளுங்கள். போனில் இனிமையாகப் பேசுகிறவர் முதலாளியாக இருப்பார், தண்ணீருக்குள் உங்களோடு வருகிறவர் போன கிழமை மாலைதீவிலிருந்து வந்து இறங்கியவராக இருப்பார். எங்கள் தொழில் அப்படி, காற்றோடு இடம் மாறுகிற பிழைப்பு. வந்தவர் திறமைசாலியாகவும் இருக்கலாம். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டும். பெயரையும் உறுப்பினர் எண்ணையும் வாங்கி, அந்தந்த அமைப்பின் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தால் இப்போது கற்பிக்கிற தகுதியில் இருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. எண்ணைக் கேட்டதற்கு முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான். டைவ்மாஸ்டர் வேறு, பயிற்றுநர் வேறு என்பதையும் கவனியுங்கள். டைவ்மாஸ்டர், ஏற்கெனவே பழகி அட்டை வாங்கியவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம், வகுப்பில் உதவியாக நிற்கலாம், உங்களுக்கு அட்டை கொடுக்கிற பயிற்சியைத் தானே நடத்த முடியாது. கடற்கரையில் பிடித்து "ஒரு டைவ் அடிச்சுப் பாப்பமா" என்று கேட்பது பயிற்சியே இல்லை. அது ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிற அனுபவம், பாடி விதிப்படி 12 மீற்றரை விட ஆழமாகப் போகக்கூடாது.

"நான் கடலிலேயே பிறந்தவன்" என்று சொல்கிறவரிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள். என் பெரிய மாமா சங்கு குளித்தவர், பிறகு கடலட்டைக்குப் போனவர். தண்ணீருக்குள் அவர் போகிற அழகுக்கு நானெல்லாம் கிட்ட நிற்க முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர் முடிகிறதோ அத்தனை முறை இறங்கி ஏறுவார், கணக்கு வைத்ததில்லை. ஒரு பின்னேரம் கரைக்கு வந்து சாரத்தை மாற்றும்போது கால் விளங்கவில்லை. ஆழத்தில் உடம்பில் கரைந்த காற்று, மேலே வந்து அழுத்தம் குறையும்போது குமிழியாகிச் செய்கிற வேலை அது. இன்றைக்கும் தடியோடுதான் நடக்கிறார். சுழியோடத் தெரிவதும் சுழியோடச் சொல்லிக்கொடுக்கத் தெரிவதும் ஒன்றில்லை என்பதை அவரே ஒத்துக்கொள்வார்.

எண்ணிக்கையைக் கேளுங்கள். பாடி விதிப்படி கடலில் ஒரு பயிற்றுநருக்கு எட்டு மாணவர் வரை இருக்கலாம். அது கடைசி எல்லை. முதல் முறை வருகிறவர்களுக்கு நான் நான்கு பேருக்கு மேல் எடுப்பதில்லை. நான்கு சரி, ஐந்து பிழை என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, என் கண் எட்டுகிற அளவு அவ்வளவுதான். நான் பழகிய காலத்தில் ஒரு இடத்தில் எங்கள் ஆறு பேருக்கு ஒருவர். நாலு மீற்றரில் எனக்குக் காது குத்தத் தொடங்கியது. அவர் திரும்பிப் பார்த்து விரலை வட்டமாக்கி ஓகேயா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நம்முடைய தலையாட்டல் ஓமா இல்லையா என்று கரையிலேயே விளங்காது, தண்ணீருக்குள் எப்படி விளங்கும்? அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். எனக்கு மூன்று கிழமை ஒரு காது அடைத்துப் போயிருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. பின்னால் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள்.

இதனால்தான் தமிழில் சொல்லித்தருவாரா என்று கேட்கச் சொல்கிறேன். பாடமும் வீடியோவும் இங்கே பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கைக்கு வரும், உங்களுக்கு ஆங்கிலம் வரும் என்றும் தெரிகிறது. பிரச்சினை மொழி தெரியாதது இல்லை. விளங்காத இடத்தில் மரியாதைக்கு "ஓம் ஓம்" என்று சொல்லிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு, வாத்தியாருக்கு முன்னால் இன்னும் கூட. இரண்டு இடத்துக்கும் திரும்ப எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏன் மூச்சை அடக்கக்கூடாது?" நான் இதற்கு வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மூடியைப் பூட்டிக் கீழே கொண்டுபோய்க் காட்டுவேன். பத்து மீற்றரில் அது நசுங்கிச் சப்பையாகிக் கிடக்கும், மேலே வர வர டப் டப் என்று பழைய உருவத்துக்கு வரும். அங்கே கீழே வைத்தே அதை நிரப்பி மூடினால் மேலே வரும்போது என்ன ஆகும் என்று பிறகு கேட்பேன். ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருக்கும். விளங்கப்படுத்த அவர் மினக்கெடுகிறாரா, அல்லது "அது விதி" என்று முடிக்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

ஒரு நாள் முந்தி வர முடிந்தால் எல்லாவற்றையும் விட நல்லது. யாராவது பழகிக்கொண்டிருக்கும்போது தடாகக் கரையில் கதிரை போட்டு அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள். போன சீசனில் என்னோடு வேலை செய்கிற ஒரு பிள்ளை, நாற்பது வயதைத் தாண்டிய ஒரு ஆசிரியைக்கு மாஸ்க்கிலிருந்து தண்ணீரை வெளியேற்றப் பழக்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சளவுத் தண்ணீர். மாஸ்க்கின் அரைவாசிக்குத் தண்ணீர் விட்டவுடன் ரீச்சருக்குக் கண் பெரிதாகி, துள்ளி எழும்பிவிட்டார். இவள் அமர்த்திப் பிடிக்கவில்லை. தோள் பட்டியில் வைத்திருந்த கையை எடுக்காமல் கூடவே எழும்பினாள். ரீச்சர் இருமி முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூக்கால இழுத்தனீங்கள், என்ன?" என்று கேட்டாள். ரீச்சர் சிரித்துவிட்டார். அடுத்த தடவை மாஸ்க்குக்குள் ஒரு விரல்கடை தண்ணீர்தான். அதற்கடுத்தது இரண்டு விரல்கடை. முழு மாஸ்க்குக்கு வர நாற்பது நிமிடம் போனது, மற்ற இரண்டு பேரையும் உதவியாள் பார்த்துக்கொண்டார், படகுக்காரர் வெளியே நின்று மணிக்கூட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இதற்கு எதிரான சொல்லையும் கேட்டிருக்கிறேன்: "சரி சரி, மிச்சத்தைக் கடலில பாப்பம்." அது காதில் விழுந்தால் கதிரையை மடக்கி வைத்துவிட்டுப் போய்விடலாம்.

ஓரளவு நீந்துவது போதுமா என்றால், 200 மீற்றர் நேரக் கணக்கில்லாமல் நீந்த வேண்டும், அல்லது மாஸ்க், காலுக்கு ஃபின்ஸ் (துடுப்பு) போட்டு 300 மீற்றர். பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். ஆவணிக்குள் பழகிவிடலாம். இந்தச் சோதனையை வைக்காமலே அட்டை தருகிற இடமும் மேலே சொன்ன படிவக் கதையும் ஒரே வகை.

படகில் முதலுதவி ஒக்சிசன் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை வேறொருவருடைய படகில் பையைத் திறந்தேன். சிலிண்டர் இருந்தது, வால்வு துருப்பிடித்துத் திரும்பவில்லை, முகக்கவசக் குழாயை எலி கடித்திருந்தது. கரையில் ஏதாவது நடந்தால் யாரை அழைப்பீர்கள், அழுத்த அறைக்கு (மாமாவுக்கு வந்தது போன்ற வருத்தத்துக்குச் சிகிச்சை செய்கிற இடம்) எப்படிக் கொண்டுபோவீர்கள் என்றும் கேளுங்கள். யோசிக்காமல் பதில் வர வேண்டிய கேள்வி அது. சிலிண்டரின் தோளில் மாதமும் வருடமும் அடித்திருக்கும், அழுத்தச் சோதனை பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. வாயில் வைத்து மூச்சு விடுகிற ரெகுலேட்டரில் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தால் காற்றுக்கு மணமோ ருசியோ இருக்கக்கூடாது. எண்ணெய் மணத்தாலோ புகை மணத்தாலோ இறங்க வேண்டாம்.

பெண் பயிற்றுநர் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வருகிற தங்கைமார் பாதிப்பேர் கேட்கத் தயங்கிக் கடைசி நாளில் கேட்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் இருக்கிறார்கள். ஆண் என்றால், எங்கே பிடிக்கப் போகிறேன், ஏன் பிடிக்கப் போகிறேன் என்று கரையிலேயே சொல்லிவிடுகிறவராக இருக்க வேண்டும். தோள் பட்டி, சிலிண்டர் கழுத்து, கை, இவ்வளவும் போதும். உடுப்பு பற்றிக் கவலை வேண்டாம். முழுக்கை முழுக்கால் உடுப்பைத்தான் நாங்களும் போடுகிறோம், சொறிமுட்டைக்கு அது நல்லது. உடுப்பு மாற்ற மூடிய இடம் இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். கண்ணாடிக்குப் பவர் போட்ட மாஸ்க் வைத்திருக்கிறார்களா என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் பவர் குறைவானவர்கள் சமாளித்துவிடுகிறார்கள், கூடியவர்களால் காற்றளவு மானியை வாசிக்க முடியாது.

இடத்தைப் பொறுத்தவரை, முதல் டைவுக்குத் திருக்கோணேச்சரப் பாறையடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் பழைய கோயிலின் எச்சங்களைக் கண்ட இடம், எனக்கும் அங்கே இறங்கும்போது கை கூப்பத் தோன்றும். ஆனால் பாறை இடுக்கும் நீரோட்டமும் உள்ள இடம், மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரிந்த பிறகு போகலாம். புறாமலைத் தீவு 2003இல் தேசியப் பூங்காவானது, கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில்தான். அங்கே போனாலும் முதல் நாள் மாணவரை மணல் தரைக்கு மேல் வைத்திருக்கிறாரா, பவளத்துக்கு மேல் முழங்காலில் இருத்துகிறாரா என்று பாருங்கள். பவளத்தில் இருத்துகிறவருக்கு உங்கள் முழங்காலைப் பற்றியும் அக்கறை இருக்காது. ஆவணியில் காலையில் கடல் பெரும்பாலும் வசதியாக இருக்கும், பின்னேரம் காற்று ஏறும். "இண்டைக்கு வேண்டாம், நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லக்கூடிய இடைவெளி உங்கள் பயணத்தில் இருக்கட்டும். அந்த ஒரு நாள் இல்லாததால்தான் பல பேர் இறங்கக்கூடாத நாளில் இறங்குகிறார்கள்.

முடித்துவிட்டு நேராக நுவரெலியாவுக்குப் போகிற திட்டம் இருந்தால் மாற்றுங்கள். அது கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் குறைவு, உடம்புக்கு விமானத்தில் ஏறுவது மாதிரித்தான், மாமாவின் காலுக்கு வந்த குமிழி அங்கேயும் வரலாம். பல நாள் டைவ் செய்த பிறகு பறக்க குறைந்தது 18 மணித்தியாலம் விடச் சொல்கிறார்கள், நான் மாணவர்களிடம் ஒரு முழு நாள் என்று சொல்லிவிடுவேன்.

தம்பியின் வயதை நீங்கள் சொல்லவில்லை. 15க்குக் குறைவென்றால் ஜூனியர் அட்டைதான் வரும், 10க்குக் குறைவென்றால் இந்தப் பயிற்சியில் சேர்க்க முடியாது. அவருக்கும் அதே மருத்துவப் படிவம் உண்டு, 18 ஆகவில்லை என்றால் அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும். முற்பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு படிவத்தையும் அனுப்பச் சொல்லி, வவுனியாவிலேயே நிரப்பிக் கையெழுத்தோடு கொண்டு வாருங்கள். இங்கே வந்து இறங்கிய பிறகு வீட்டுக்குப் படம் அனுப்பி, அம்மா அச்செடுக்கக் கடை தேடி, அதிலேயே ஒரு நல்ல காலைக் கடல் போய்விடும்.